பெட்டரியைக் கழற்றி மாட்டியதும் கார் அலறுவது ஏன்?

சிவனொளிபாதமலை சீசனில் நல்லதண்ணியில் விடியற்காலை நடக்கக்கூடிய காட்சி இது. முன்னிரவில் காரை நிறுத்திப் பூட்டிவிட்டு மலையேறியவர்கள், கால் நோக இறங்கி வருகிறார்கள். கார் ஸ்டார்ட் ஆகவில்லை. பொனட்டைத் திறந்து, பெட்டரி டெர்மினலைக் கழற்றி, துடைத்து, மறுபடியும் மாட்டுகிறார்கள். மாட்டிய அந்த நொடியே ஹோர்ன் அலறுகிறது, நான்கு பக்கமும் சிக்னல் விளக்குகள் மின்னுகின்றன. எஞ்சினைச் சுற்றப் பலமில்லாத பெட்டரிக்கு ஊரை எழுப்ப மட்டும் எங்கிருந்தோ பலம் வந்துவிடுகிறது.

இந்தக் குழப்பம் இப்போது கூடுதலாகத் தெரிவதற்கு ஒரு பின்னணி உண்டு. 2020 மார்ச்சில் இலங்கையில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. தனியார் வாகனங்களுக்கு மீண்டும் அனுமதி கிடைத்தது 2025 பெப்ரவரியில்தான். இடையில் கிட்டத்தட்ட ஐந்து வருடம், கையிலிருந்த வண்டியையே பார்த்துப் பார்த்து ஓட்ட வேண்டியிருந்தது. 2022 எரிபொருள் தட்டுப்பாட்டின்போது வாரக்கணக்கில் நின்ற வண்டிகளின் பெட்டரி இறங்கிவிடக் கூடாதென்று மைனஸ் வயரைக் கழற்றி வைக்கும் பழக்கமும் பரவியது. கழற்றத் தெரிந்த அளவுக்கு, கழற்றினால் அலாரம் என்ன நினைக்கும் என்பது பரவவில்லை.

பெரும்பாலான நேரங்களில் அலாரம் பழுதாகியிருக்காது. தனக்குச் சொல்லிக் கொடுத்த வேலையைத்தான் அது செய்கிறது. அதை எப்படி நிறுத்துவது என்பதற்கு முன்னால் கேட்க வேண்டிய கேள்வி, அது எப்போது அலறியது என்பது. பாதிப் பதில் அதிலேயே இருக்கிறது.

அலாரம் எது, அலாரம் இல்லாதது எது

"அலாரம் பிரச்சினை" என்று கராஜுக்கு வருகிறவர்கள் மூன்று வேறு சாமான்களை ஒரே பெயரால் சொல்வதுண்டு. முதலில் அதைப் பிரித்துக்கொள்வோம்.

சென்ட்ரல் லொக் என்பது ரிமோட்டை அமுக்கினால் எல்லாக் கதவுகளையும் பூட்டுவது, திறப்பது. அதற்குச் சத்தம் போடத் தெரியாது.

இமொபிலைசர் என்பது சாவிக்குள் இருக்கும் சிறிய சிப்பை அடையாளம் கண்டால் மட்டும் எஞ்சினை ஓடவிடும் காவல். அதுவும் சத்தம் போடாது. சாவியை அடையாளம் காணாவிட்டால் வண்டி பேசாமல் நிற்கும். அவ்வளவுதான்.

அலாரம் இந்த இரண்டிலிருந்தும் வேறு. அதில் ஒரு கட்டுப்பாட்டுப் பெட்டி இருக்கும். அதற்குச் செய்தி சொல்லச் சில சுவிட்ச்கள் இருக்கும். ஒவ்வொரு கதவிலும் ஒன்று (கதவைத் திறந்தால் உள் விளக்கை எரிய வைப்பதும் இதுவேதான்), டிக்கியில் ஒன்று, பல வண்டிகளில் பொனட்டின் கீழேயும் ஒன்று. கடையில் பொருத்திய அலாரமாக இருந்தால் அதிர்வை உணரும் ஷொக் சென்சர் ஒன்றும் சேர்ந்திருக்கும். கடைசியாக, கத்துவதற்கு ஒரு வாய். ஜப்பான் கார்கள் பலவற்றில் வண்டியின் ஹோர்னே அந்த வேலையைச் செய்கிறது. ஐரோப்பிய கார்களிலும் கடை அலாரங்களிலும் தனியாக ஒரு சைரன் இருக்கும்.

உங்கள் வண்டியில் இருப்பது கம்பனியிலிருந்தே வந்த அலாரமா, இங்கே யாரோ பொருத்தியதா என்பதைத் தெரிந்து வைத்திருப்பது நல்லது. ரிமோட்டில் கார் கம்பனியின் சின்னம் இல்லாமல் வேறு ஏதோ பெயர் இருந்தால், அல்லது ஸ்டியரிங்கின் கீழே டேப் சுற்றிய வயர்க் கட்டு தொங்கினால், அனேகமாகப் பின்னால் பொருத்தியதுதான். பழைய மாருதி 800, அல்டோ வகைகளில் பார்ப்பது பெரும்பாலும் இது.

மின்சாரம் போனாலும் போகாத ஞாபகம்

பெட்டரியைக் கழற்றினால் வண்டியின் ஞாபகமெல்லாம் அழிந்து, புதிதாகத் தொடங்கும் என்று பலர் நினைக்கிறார்கள். மணிக்கூடும் ரேடியோ நிலையங்களும் அழிவதைப் பார்த்து வந்த நினைப்பு அது. ஆனால் பாதுகாப்புக்கான விவரங்களை அப்படி அழியும் இடத்தில் வைப்பதில்லை. மின்சாரம் போனாலும் அழியாத ஒரு சிறு நினைவகத்தில் அவை இருக்கின்றன. சாவியின் அடையாளம் அதில்தான் பதிந்திருக்கும். பல வண்டிகளில் "கடைசியாக நான் எந்த நிலையில் இருந்தேன்" என்பதும் அங்கேயே பதியும்.

காரணம் எளிது. கார் திருடுகிறவர் முதலில் செய்ய நினைப்பதே பெட்டரி வயரைத் துண்டிப்பதுதான். மின்சாரம் போய் வந்ததும் எல்லாவற்றையும் மறந்துவிடும் அலாரம் இருந்தென்ன, இல்லாமலென்ன?

தேயிலை ஸ்டோரில் இராக்காவலுக்கு நிற்கும் வாட்ச்சரை எடுத்துக்கொள்ளுங்கள். கேட்டைப் பூட்டிவிட்டு நிற்கும்போது யாரோ தலையில் தட்டி மயங்க வைத்துவிடுகிறார்கள். கண் விழித்துப் பார்த்தால் கேட் திறந்து கிடக்கிறது. அவர் யாரையும் விசாரித்துக்கொண்டிருக்க மாட்டார், கூச்சல் போடுவார். அலாரமும் அப்படித்தான். பூட்டிய நிலையில் மின்சாரம் போனது. மறுபடி மின்சாரம் வந்தபோது அது காண்பது என்ன? பொனட் திறந்து கிடக்கிறது. பெட்டரியை மாட்டுவதற்கு பொனட் திறந்திருந்தே ஆக வேண்டும் என்பது அதற்குத் தெரியாது.

டொயோட்டாவின் கையேடுகளிலேயே, வண்டி பூட்டியிருக்கும்போது பெட்டரியை சார்ஜ் செய்தாலோ மாற்றினாலோ அலாரம் ஒலிக்கலாம் என்று எழுதியிருக்கிறது. ரீகண்டிஷனாக வந்த கார்களின் கையேடு ஜப்பானிய மொழியில் இருப்பதால், அந்த வரி டேஷ்போர்ட் பெட்டிக்குள் யாரும் படிக்காமல் கிடக்கிறது.

எப்போது அலறியது?

1. மைனஸ் வயரைக் கழற்றிய அந்த நொடியே

பெட்டரியைக் கழற்றிய பிறகும் சத்தம் வருகிறதென்றால், அந்தச் சைரனுக்குள் சொந்தமாக ஒரு சிறிய பெட்டரி இருக்கிறது. வெளி மின்சாரம் நின்றதும் "வயரை வெட்டிவிட்டார்கள்" என்று எடுத்துக்கொண்டு தன் சொந்தப் பலத்தில் கத்தும். ஐரோப்பிய கார்களில் இது சாதாரணம். கடை அலாரங்களில் விலை கூடியவற்றில் இருக்கும். வண்டியின் பெட்டரி கழன்று கிடக்கும்போது ரிமோட்டை எவ்வளவு அமுக்கினாலும் பயனில்லை, கேட்பதற்குப் பெட்டிக்கு மின்சாரம் இல்லை. பெட்டரியை மாட்டிவிட்டு, அப்புறம் ரிமோட்டால் திறக்க வேண்டும். கடைச் சைரன் சிலவற்றின் உடம்பிலேயே ஒரு சின்னச் சாவித் துவாரம் உண்டு. அதற்கான சாவி எங்கே என்று தேடும் நாளில்தான் அது ஞாபகத்துக்கு வரும்.

இந்த உள் பெட்டரிக்கும் வயதாகும். பத்து வருடம் கடந்த வண்டிகளில் அது கசிந்து உள்ளே சர்க்கியூட்டை அரித்துவிட்டால், யாரும் எதையும் தொடாமலே சைரன் நினைத்த நேரத்தில் ஒலிக்கும். அப்போது சைரனை மாற்றுவதைத் தவிர வேறு வழியில்லை.

2. மீண்டும் மாட்டிய நொடியில்

மிக அதிகமாக நடப்பது இதுதான். காரணத்தை மேலே பார்த்தாயிற்று. ஆனால் இதில் ஒரு கிளைக்கதை உண்டு. கராஜில் கேட்கும் முதல் கேள்வி, "தம்பி, லொக் போட்டுட்டா கழட்டுனீங்க?" வருகிற பதில், "இல்ல பாஸ், லொக் போடவே இல்ல." இருவருமே சரியாகத்தான் பேசுகிறார்கள். கடை அலாரங்கள் பலவற்றில் தானாகக் காவலுக்குப் போகும் வசதி இருக்கிறது. சாவியை எடுத்துவிட்டுக் கடைசிக் கதவைச் சாத்திய அரை நிமிடத்தில், கதவுகளைப் பூட்டாமலே அது விழித்துக்கொள்ளும். ஸ்பேனர் எடுக்க வீட்டுக்குள் போய் வருவதற்குள் காரியம் முடிந்துவிடும். டேஷ்போர்டில் ஒரு சிவப்பு விளக்கு மெல்ல மின்னுகிறதென்றால், பூட்டியிருந்தாலும் பூட்டாவிட்டாலும் அலாரம் விழித்திருக்கிறது என்று அர்த்தம்.

3. மாட்டிச் சில மணி நேரம் கழித்து, நடுச்சாமத்தில்

மேலே சொன்ன இரண்டும் ஒரு தடவை நிறுத்தினால் தீர்ந்துவிடும். இது தீராது. இரவு ஒரு மணிக்கு அலறும், நிறுத்துவீர்கள், மூன்று மணிக்கு மறுபடியும். லயத்தில் ஒருவர் வண்டி அலறினால் பத்து வீட்டுக்கும் தூக்கம் போகும். உண்மையில் தேடிக் கண்டுபிடிக்க வேண்டியது இந்த வகையைத்தான். சந்தேகப்பட வேண்டியவை இந்த வரிசையில்:

முதலாவது, தளர்ந்த டெர்மினல். கையால் பிடித்துத் திருகிப் பாருங்கள். அசைந்தால் அதுவே குற்றவாளியாக இருக்கலாம். அசையும் டெர்மினல் காற்றுக்கோ குளிரில் உலோகம் சுருங்கும்போதோ ஒரு கணம் தொடர்பை விட்டுவிட்டு மறுபடி பிடிக்கும். அலாரத்தைப் பொறுத்தவரை ஒவ்வொரு தடவையும் பெட்டரியைக் கழற்றி மாட்டியது போலத்தான்.

புதிய பெட்டரி போட்ட பிறகு இது வருகிறதென்றால் பெட்டரியின் இலக்கத்தைப் பாருங்கள். ஜப்பான் அளவில் "46 பி 24 எல்" என்பது போல எழுதியிருக்கும். "பி" என்பது அகல உயர வகை, "24" என்பது சென்ரிமீற்றரில் நீளம், "எல்" என்பது முனைகள் இருக்கும் பக்கம். "பி" வகைகளில் முனை மெல்லியது. அதே பெட்டரி கடைசியில் ஓர் "எஸ்" சேர்ந்து "46 பி 24 எல் எஸ்" என்று இருந்தால் முனை தடித்தது. தடித்த முனைக்கான டெர்மினலை மெல்லிய முனையில் மாட்டினால் எவ்வளவு இறுக்கினாலும் பிடி கிடைக்காது. இடைவெளியில் தகரத் துண்டையோ ஆணியையோ செருகி அனுப்பிவிடுவதுண்டு. அது அன்றைய நாளுக்கான தீர்வு மட்டுமே. இதற்கென்றே ஈய வளையம் விற்கிறார்கள், அதைப் போட வேண்டும்.

இரண்டாவது, பொனட் சுவிட்ச். மலைநாட்டில் இதற்குத் தனி முக்கியத்துவம் உண்டு. அது இருப்பது எஞ்சின் அறையின் முன் ஓரத்தில், மூடுபனியும் மழைச்சாரலும் நேரே படும் இடத்தில். நானுஓயா, கந்தப்பளை பக்கம் நாட்கணக்கில் ஈரம் காயாத காலங்களில் அதன் உள்ளே துரு ஏறி, பொனட் மூடியிருக்கும்போதே "திறந்திருக்கிறது" என்று பொய் சொல்லும். பெட்டரி வேலைக்காக பொனட்டைப் பல தடவை திறந்து மூடியதில், அதுவரை எப்படியோ ஒட்டிக்கொண்டிருந்த சுவிட்ச் இடம் மாறியிருக்கும். சோதிப்பது சுலபம். விரலால் அமுக்கி விட்டால் நல்ல சுவிட்ச் துள்ளி எழும். கெட்டது அப்படியே படுத்துக் கிடக்கும். துடைத்து, உலர்த்தி, மின் இணைப்புகளுக்கான ஸ்பிரே கொஞ்சம் அடித்தாலே பல நேரம் சரியாகிவிடும். பொனட் முழுதாக மூடி லொக் விழுந்திருக்கிறதா என்பதையும் பாருங்கள். பழைய பெட்டரியைவிட உயரமான ஒன்றைப் போட்டால் பொனட் சரியாக அமராமல் நிற்பதும் உண்டு.

மூன்றாவது, கதவுச் சுவிட்ச். இரவில் வண்டியைப் பூட்டிவிட்டு ஒரு நிமிடம் நின்று கண்ணாடி வழியாகப் பாருங்கள். உள் விளக்கு அணையாமல் இருந்தால் ஏதோ ஒரு கதவு திறந்திருப்பதாக வண்டி நினைக்கிறது.

நான்காவது, ஷொக் சென்சர். கடை அலாரங்களில் மட்டும். லொறி போனால் அலறுகிறதென்றால் அதன் கூர்மையைக் குறைக்க ஒரு சிறிய திருகு இருக்கும்.

ஐந்தாவது, இவை எதுவும் இல்லையென்றால், பெட்டரியே. அதைத் தனியாகப் பார்க்க வேண்டும்.

குளிர் என்ன செய்கிறது

12 வோல்ட் பெட்டரிக்குள் ஆறு அறைகள், ஒவ்வொன்றும் ஏறக்குறைய 2.1 வோல்ட். முழுதாகச் சார்ஜ் ஆகி ஓய்வில் இருக்கும்போது 12.6 வோல்ட் வரை காட்டும். 12.4 என்றால் முக்கால் பங்கு, 12.2 என்றால் பாதி, 12 என்றால் கால் பங்குதான் மிச்சம். பன்னிரண்டு வோல்ட் பெட்டரி பன்னிரண்டு காட்டுகிறதே, நன்றாகத்தானே இருக்கிறது என்று நினைப்பது பொதுவான தவறு.

பெட்டரி மின்சாரம் தருவது உள்ளே நடக்கும் இரசாயன மாற்றத்தால். குளிரில் அது மந்தமாகும். பாகை 0 செல்சியஸில் ஈய அமிலப் பெட்டரி தரக்கூடியது அதன் வழக்கமான கொள்ளளவில் ஏறக்குறைய 80 சதவீதம். எஞ்சின் ஒயிலும் தடித்துப் போவதால் எஞ்சினைச் சுற்றக் கூடுதல் பலம் வேண்டும். கடல் மட்டத்திலிருந்து 1,868 மீற்றர் உயரத்திலுள்ள நுவரெலியாவில் ஜனவரி, பெப்ரவரி அதிகாலைகளில் புல்மேல் உறைபனி படிவதுண்டு. நல்ல பெட்டரிக்கு இது ஒன்றும் பெரிய சோதனையல்ல. பெட்டரியை உண்மையில் அரிப்பது வெயில்தான், குளிர் அதை வெளியே காட்டிக் கொடுக்கிறது. கொழும்பில் இரண்டு மூன்று வருடம் வெந்த பெட்டரி, கிரகரி வாவிக் கரையில் ஒரு இரவு நின்றதும் கைவிடுவது இதனால்தான். பழி என்னவோ நுவரெலியாவுக்கு.

அலாரத்துக்கும் இதற்கும் என்ன தொடர்பு? அலாரமும் ரிமோட் சாவியின் சிக்னலைப் பிடிக்கும் கருவியும் வண்டி நிற்கும்போதும் கொஞ்சம் மின்சாரம் குடித்துக்கொண்டே இருக்கும். எல்லாம் சேர்ந்து 50 மில்லி அம்பியர் வரை போவது வழமைதான். ஒரு நாளைக்கு 1.2 அம்பியர்-மணி (பெட்டரியின் கொள்ளளவை அளக்கும் அலகு இது). சிறிய ஜப்பான் கார்களின் பெட்டரி 35 அம்பியர்-மணி அளவானது என்று வைத்தால், இரண்டு வாரம் ஓடாமல் நின்றாலே பாதி காலி. தோட்டத்திலிருந்து டவுனுக்கு நாலைந்து கிலோமீற்றர் மட்டும் ஓடும் வண்டி, ஸ்டார்ட் செய்யச் செலவழித்ததைத் திருப்பிச் சேர்ப்பதற்குள் நிறுத்தப்பட்டுவிடும். பகலிலும் மூடுபனிக்கு ஹெட் லைட், மழைக்கு வைப்பர், கண்ணாடி ஆவிக்கு ஏசி. இப்படி மெலிந்த பெட்டரியின் வோல்டேஜ் இரவுக் குளிரில் ஒரு எல்லைக்குக் கீழே இறங்கும்போது கட்டுப்பாட்டுப் பெட்டி குழம்பும். வோல்டேஜ் விழுவதை வைத்தே "கதவு திறந்தது, விளக்கு எரிந்தது" என்று கணிக்கும் பழைய கடை அலாரங்கள் நேராக அலறியே விடும்.

அளந்து பார்க்க ஒரு சாதாரண மல்டிமீட்டர் போதும். மூன்று தடவை பாருங்கள்: காலையில் எதையும் போடுமுன் (12.4க்கு மேல் இருக்க வேண்டும்), ஸ்டார்ட் அடிக்கும் நேரத்தில் (9.6க்குக் கீழே விழக் கூடாது), எஞ்சின் ஓடும்போது (13.8 முதல் 14.5 வரை). மூன்றாவது அளவு குறைவாக இருந்தால் புதுப் பெட்டரி வாங்கிப் பயனில்லை, குறை அல்டர்னேட்டரில் (எஞ்சின் ஓடும்போது பெட்டரியைச் சார்ஜ் செய்யும் கருவி) அல்லது அதன் பெல்ட்டில். சில புதிய மொடல்களில் எரிபொருளை மிச்சப்படுத்த வண்டியே சார்ஜைக் குறைப்பதுண்டு என்பதால், ஹெட் லைட்டைப் போட்டுவிட்டு அளப்பது நல்லது.

அலறிக்கொண்டிருக்கும் அலாரத்தை நிறுத்த

சத்தத்துக்கு நடுவில் யோசிப்பது கஷ்டம். ஆகவே வரிசையாக:

1. ரிமோட்டில் திறக்கும் பொத்தானை அமுக்குங்கள். பூட்டும் பொத்தானை அல்ல. பதற்றத்தில் பலர் பூட்டுவார்கள்.

2. ரிமோட் வேலை செய்யவில்லையென்றால் வண்டிக்கு மிக அருகில் போய் நாலைந்து தடவை அமுக்குங்கள். ரிமோட்டின் பொத்தான் செல்லும் தீர்ந்திருக்கலாம்.

3. சாவியைச் சாரதி பக்கக் கதவில் போட்டுத் திறந்து, இக்னிஷனை "ஒன்" நிலைக்குத் திருப்புங்கள். சாவியால் கதவைத் திறப்பதையே திருட்டாக நினைத்து இன்னும் அலறும் கார்களும் உண்டு. அது வண்டி உங்கள் சாவியை அடையாளம் காணும்வரைதான்.

4. புஷ் ஸ்டார்ட் வண்டியாக இருந்தால் பிரேக்கை மிதித்துக்கொண்டு, ஸ்மார்ட் சாவியைச் ஸ்டார்ட் பொத்தானோடு ஒட்டிப் பிடியுங்கள். டொயோட்டாவில் சின்னம் இருக்கும் பக்கத்தைத் தொடவைக்க வேண்டும். சாவியின் செல் முழுதாகச் செத்திருந்தாலும் உள்ளே இருக்கும் சிப்பை இந்தத் தூரத்தில் வண்டி படித்துவிடும்.

5. கடை அலாரமாக இருந்தால் ஸ்டியரிங்கின் கீழே எங்காவது ஒரு சின்ன மறைவுப் பொத்தான் இருக்கும். இக்னிஷனைப் போட்டு அதை அமுக்கினால் பெரும்பாலானவை அடங்கும்.

அடங்கிய பிறகு எல்லாக் கதவுகளையும், டிக்கியையும், பொனட்டையும் ஒரு தடவை திறந்து ஒழுங்காகச் சாத்தி, ரிமோட்டால் பூட்டித் திறந்து பாருங்கள்.

செய்யவே கூடாத ஒன்று, கோபத்தில் சைரன் வயரை வெட்டுவது. கடை அலாரங்கள் பலவற்றில் ஸ்டார்ட்டரையோ பெட்ரோல் பம்பையோ துண்டிக்கும் ரிலே ஒன்றும் சேர்த்து வயர் போட்டிருப்பார்கள். எந்த வயர் எதற்கென்று தெரியாமல் வெட்டினால் சத்தம் நிற்கும், வண்டியும் நிற்கும்.

அடுத்த தடவை கழற்றும்போது

மேட்டில் நிற்கும் வண்டியென்றால் பெட்டரியைத் தொடுமுன் சக்கரத்துக்குக் கல் வையுங்கள். ஹேண்ட் பிரேக் பொத்தானாக இருக்கும் வண்டிகளில், மின்சாரம் இல்லாமல் அதைப் போடவும் முடியாது, எடுக்கவும் முடியாது. ஓட்டோ கியர் "பி"யிலிருந்து நகராது.

ரிமோட்டால் கதவுகளைத் திறந்து, சாரதி பக்கக் கண்ணாடியை இறக்கி, இக்னிஷனை நிறுத்திச் சில நிமிடம் விடுங்கள். வண்டியின் கணினிகள் தூங்கப்போக அந்த நேரம் வேண்டும். சாவியைச் சட்டைப் பையில் வைத்துக்கொள்ளுங்கள், வண்டிக்குள் அல்ல. முதலில் மைனஸ், அப்புறம் பிளஸ். மாட்டும்போது முதலில் பிளஸ், கடைசியில் மைனஸ். இது சும்மா ஒரு சம்பிரதாயம் இல்லை. வண்டியின் உடம்பு முழுவதும் மைனஸோடு இணைந்திருக்கிறது. மைனஸ் மாட்டியிருக்கும்போது பிளஸைக் கழற்றும் ஸ்பேனர் அந்த உடம்பில் பட்டால் நேரடி ஷோர்ட், பெரிய தீப்பொறி. பெட்டரியிலிருந்து வெளிவரும் ஹைட்ரஜன் வாயுவுக்கு அதுவே போதும். ஜம்ப் வயர் போடும்போதும் கடைசி மைனஸை இறங்கிய பெட்டரியில் மாட்டாமல், தள்ளி எஞ்சின் உலோகத்தில் மாட்டச் சொல்வது இதற்காகத்தான்.

முனையில் பூத்திருக்கும் வெள்ளை, பச்சைப் பொடியை வெந்நீரில் கரைத்த அப்பச்சோடாவால் கழுவலாம். நன்றாக உலர்த்தி, மாட்டி இறுக்கிய பிறகு மேலே கொஞ்சம் கிறீஸ் பூசினால் ஈரம் சீக்கிரம் அண்டாது.

பெட்டரி மாட்டிய பிறகு பவர் கண்ணாடி தானாக முழுதும் ஏறாமல் இருப்பது, ஐட்லிங் கொஞ்சம் ஏறி இறங்குவது எல்லாம் இயல்புதான். கண்ணாடியை முழுதாக ஏற்றி, பொத்தானைச் சில நொடி பிடித்திருந்தால் பெரும்பாலும் மறுபடி கற்றுக்கொள்ளும். ஐட்லிங் ஓட ஓடச் சரியாகும்.

ஹைபிரிட் வைத்திருப்பவர்களுக்குச் சில வரிகள். பிரியஸ் மொடல்கள் பலவற்றிலும் அக்வாவிலும் 12 வோல்ட் பெட்டரி பின்பக்கம் இருக்கிறது. அது எஞ்சினைச் சுற்றுவதில்லை, கணினிகளை எழுப்புவதோடு அதன் வேலை முடிந்தது. ஆனால் அது இறங்கிவிட்டால் அப்படிப்பட்ட பிரியஸின் பின்கதவு திறக்காது, பெட்டரியோ அதற்குள்தான் இருக்கிறது. பொனட்டின் கீழே ஃபியூஸ் பெட்டிக்குள் ஜம்ப் செய்வதற்கென்றே ஒரு பிளஸ் முனை வைத்திருக்கிறார்கள், அங்கே மின்சாரம் கொடுத்தால் பின்கதவு திறக்கும். செம்மஞ்சள் நிற வயர்களில் கை வைக்கவே வேண்டாம், அவை உயர் வோல்டேஜ். மேட்டிலிருந்து உருட்டி ஸ்டார்ட் செய்யும் நம் ஊர் வித்தை ஹைபிரிட்டிலும் ஓட்டோ கியரிலும் எடுபடாது. மெனுவல் வண்டியில்கூட, எஞ்சின் பிடிக்கும்வரை பிரேக்கும் ஸ்டியரிங்கும் கல்லாக இருக்கும் என்பதை உருட்டுமுன் யோசிக்க வேண்டும்.

இத்தனையும் பார்த்த பிறகும் இரவில் அலறினால் ஓட்டோ இலக்ட்ரீஷனிடம்தான் போக வேண்டும். அங்கே "அலாரம் அடிக்குது" என்று மட்டும் சொன்னால், பாகம் பாகமாக மாற்றிப் பார்க்கத் தொடங்குவார்கள், பணம் உங்களுடையது. ஒரு துண்டுக் கடதாசியில் எழுதிக்கொண்டு போங்கள்: எந்தெந்த நேரம் அலறியது, அப்போது மழையா, பனியா, காலையில் அளந்த வோல்டேஜ் எவ்வளவு, பெட்டரி போட்டு எத்தனை மாதம், அதற்குப் பிறகு வண்டியில் புதிதாக என்ன பொருத்தினீர்கள். ரிவர்ஸ் கமரா, டேஷ் கமரா, புது ரேடியோ, எதுவாக இருந்தாலும் அதையும் சேர்த்து எழுதுங்கள்.